லிப்ரே ஆபிஸ் டூல்பாரை நம் கைக்கு ஏற்றபடி

வேர்டு போல ஆவணம் எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரைத் திறந்ததும் மேலே இரண்டு வரிசை நிறையப் பொத்தான்கள் (இதுதான் டூல்பார்), அதில் பாதியை நான் தொடுவதே இல்லை. டூல்பாரில் ரைட் கிளிக் செய்து விசிபிள் பட்டன்ஸ் என்பதற்குள் போனால் வேண்டாததை ஒவ்வொன்றாக டிக் எடுத்துவிடலாம். எதுவும் அழியாது, மறைகிறது, அவ்வளவுதான்.

ஐகான் சின்னதாகத் தெரிகிறதா? டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் லிப்ரே ஆபிஸ் என்பதன் கீழ் உள்ள பகுதிகளில் பாருங்கள், அளவையும் ஐகான்களின் தோற்றத்தையும் (தீம்) அங்கேயே மாற்றலாம். கொலிப்ரே, ப்ரீஸ், சிஃபர் என்று பல தீம்கள் உண்டு; எனக்குப் பிடித்தது கொலிப்ரே, கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது.

உண்மையான வேலை டூல்ஸ் மெனுவில் உள்ள கஸ்டமைஸ் ஜன்னலில்தான். அங்கே டூல்பார்ஸ் தாவலில் நமக்கு வேண்டிய கட்டளையை இடப்பக்கம் தேடி வலப்பக்கம் சேர்த்து, அம்புக்குறியால் மேலும் கீழும் நகர்த்தி, வேண்டுமானால் ஐகானுக்குப் பதில் பெயரே தெரியும்படிகூட வைத்துக்கொள்ளலாம், வயதானவர்களுக்கு இது பெரிய உதவி என்பது என் எண்ணம். ஸ்கோப் என்ற இடத்தை மட்டும் கவனியுங்கள்: ஃபைல் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் அந்த ஃபைலோடு நின்றுவிடும், ரைட்டர் என்றால் எல்லா ரைட்டர் ஃபைல்களுக்கும்.

அப்புறம், மைக்ரோசாஃப்ட் வேர்டில் பொத்தான்கள் தாவல் தாவலாக வரும் ரிப்பன் மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ், அதில் டேப்டு. 2019-இல் 6.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது.