என்ஜின் தேடிப் போயி கியர் பாக்ஸ்ல மாட்டுன கதை

ரெண்டு வருசமா திருநெல்வேலி பேட்டை பக்கம் எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு ஒத்த சீட்டு ரேஸ் வண்டியோட ஃபிரேம் நிக்குது, சர்வீசுக்கு வாறவங்கல்லாம் இது என்ன கட்டிலா தொட்டிலான்னு கேட்டுட்டுப் போவாங்க. சதுர பைப்ப வெட்டி வெல்டு பண்ணது நான்தான், பக்கத்து லேத் அண்ணாச்சி உதவியோட. போட்டிக்கெல்லாம் இல்ல, கோயம்புத்தூர் காரி ட்ராக்குல காசு கட்டி நாலு ரவுண்டு ஓட்டணும், அம்புட்டுதான் ஆசை. ஃபிரேம் முடிஞ்சப்போ கையில மிச்சம் 50,000 ரூவா. அதுக்குள்ள என்ஜினும் கியர் பாக்ஸும் வரணும்.

மொதல்ல வந்து குழப்பிவிட்டது எங்க அக்கா மவன். என்ஜினியரிங் படிக்கான், காலேஜ் பசங்களே ரேஸ் வண்டி செஞ்சு ஓட்டுற சுப்ரா போட்டிக்கு வண்டி செஞ்ச டீம்ல இருந்தவன். "மாமா, கேடிஎம் 390 பைக் என்ஜின் போடுங்க, 43 பிஹெச்பி, ஆறு கியர், கியர் பாக்ஸும் அதே கேஸுக்குள்ளயே வந்துருது, ஒரு ஆளு தூக்கிரலாம்"னான். சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. கியர் வரிசையா ஒண்ணு ரெண்டு மூணுன்னு மிதிக்கிற மாதிரி, ரேஸ் வண்டிக்கு தங்கம் மாதிரி விசயம். பின்னாடி செயின் மாட்டுற பல்சக்கரத்த, ஸ்ப்ராக்கெட்ட மாத்துனா ட்ராக்குக்கு ஏத்தாப்ல கியர் ரேஷியோவும் மாறிரும், சில ஆயிரத்துல முடியுற வேலை, கார் கியர் பாக்ஸ்ல அது நடக்கவே நடக்காது.

ஆனா நான் உக்காந்து கணக்கு போட்டேன். ஆக்சிடெண்ட் வண்டில இருந்து எடுத்த என்ஜினுக்கே எனக்கு 80,000 சொன்னாவ. அப்புறம் செயின்ல இருந்து ரெண்டு வீலுக்கும் ஓட்டம் போக, திருப்பத்துல ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் வேணும், ரேஸுக்குன்னு செஞ்சத வாங்குனா என்ஜின் வெலைய முழுங்கிரும். டிஃபரன்ஷியலே இல்லாம கோ-கார்ட் மாதிரி ஒத்த ஆக்ஸில் போட்டா திருப்பத்துல ரெண்டு பின் வீலும் ஒரே வேகத்துல சுத்தும், மூக்கு திரும்பாம நேரா போவும். ரிவர்ஸ் கெடையாது. பைக் க்ளட்ச்சு பைக் எடைக்கு செஞ்சது, என் வண்டி என்னையும் ஏத்திட்டு 450 கிலோவுக்குக் கொறையாது. இன்னொண்ணு, பைக்கு திருப்பத்துல சாயும், அதனால ஆயில் அடில அப்படியே நிக்கும், அதே என்ஜின கார்ல நட்டா சாயாது, ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும். காலேஜ் பசங்களுக்கு வேற வழி இல்ல, அவங்க ரூல்ஸ்ல 710 சிசிக்கு மேல போகக்கூடாது, என்ஜினுக்குக் காத்து போறதே 20 மி.மீ. ஓட்டை வழியாத்தான் இருக்கணும், அதான் பைக் என்ஜின். எனக்கு எந்த ரூல்ஸும் இல்லையே மருமவனே, நான் ஏன் அந்தப் பாட்டப் படணும்னு கேட்டேன். மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டான்.

அப்போ மிச்சம் இருந்தது மாருதி. இது நான் கண்டுபுடிச்ச வழியும் இல்ல. ரேஸ் வண்டி செஞ்ச கரிவர்தன் கோயம்புத்தூர்ல 1980கள் கடைசிலயே மாருதி 800 என்ஜின ஒத்த சீட்டு வண்டில வச்சுக் காட்டிட்டாரு, அந்த ஃபார்முலா மாருதில ஓட்டிப் பழகுன நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டாரு. வித்தை ரொம்ப சிம்பிள். மாருதில என்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கொத்தா முன்னாடி குறுக்க கெடக்கும், அந்தக் கொத்த அப்படியே தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வைக்க வேண்டியது. முன் வீல ஓட்டுனது இப்போ பின் வீல ஓட்டும். ஸ்டியரிங் ராடு மாட்டுற எடத்த மட்டும் ஃபிரேமோட சேத்துக் கட்டிரணும், இல்லன்னா பின் வீலும் திரும்பும், சாமி தான் காப்பாத்தணும்.

800 என்ஜின் சல்லிசா கெடைக்கும், 796 சிசி, மூணு சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு பிரிப்பாரு. ஆனா பழைய கார்புரேட்டர் வண்டில நாலே கியர், ரெண்டுல இருந்து மூணுக்குப் போனா என்ஜின் சுத்துற வேகம், ஆர்பிஎம், கெணத்துல விழுந்த மாதிரி விழும். காரி மாதிரி வளைவு நெறஞ்ச ட்ராக்குல அது வேலைக்காகாது. அதனால மாருதி எஸ்டீம் கார்ல வந்த 1.3 லிட்டர்னு முடிவு பண்ணேன், 1298 சிசி, அலுமினியம் பிளாக், கார்புரேட்டர் இல்லாம பெட்ரோல பீச்சுற 16 வால்வு எம்பிஎஃப்ஐன்னா கம்பெனி கணக்குல 85 பிஹெச்பி, அஞ்சு கியர்.

இதுக்கு நடுவுல ஒரு ஆசை வந்து கெடுக்கப் பாத்துச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்போ முங்குன வண்டி நம்ம பக்கம் எம்புட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல ஒரு பழைய 1.3 ஸ்விஃப்ட்டு, முழு வண்டியே அடிமாட்டு வெலைக்குத் தாரேன்னாரு ஒருத்தரு. அதுல கியருக்கு கேபிள், எங்க வேணும்னாலும் வளைச்சுக் கொண்டு போகலாம், அதான் எனக்கு எச்சில் ஊறுச்சு. ஆயில் டிப் ஸ்டிக்க உருவுனேன், தண்ணி கலந்து காப்பி நெறத்துல வந்துச்சு. என்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர் பெட்டி, அதான் ஈசியூ, அதோட கனெக்டர கழட்டுனா பின்னெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. வெள்ளம் வந்தன்னிக்கு ஓட்டிப் பாத்தியளான்னு கேட்டேன். "ஸ்டார்ட் ஆகுதான்னு ரெண்டு மூணு தடவ அடிச்சோம்"ன்னாரு. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா பிஸ்டன தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சாலும் வளைஞ்சிரும், தண்ணிய அமுக்க முடியாதுல்லா. கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

கடைசில பாளையங்கோட்டைல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வேப்பமரத்தடில நாலு வருசமா நின்ன எஸ்டீம் கெடச்சுது. பேரம் பேசி முழு வண்டி 35,000. என்ஜின் மட்டும் வாங்குறதவிட முழு வண்டியா வாங்குறதுதான் லாபம், ஈசியூ, வயரிங், டிரைவ் ஷாஃப்ட், ஹப், ரேடியேட்டர், பெடல் எல்லாம் ஒரே குடும்பமா வந்துரும், இல்லன்னா ஒவ்வொரு சென்சாருக்கும் மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைக்கு ஆள் விடணும். என்ஜின் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போகுதான்னு பாத்து, பேப்பர் வேலைய முடிச்சுட்டுத்தான் ஸ்பேனர எடுத்தேன்.

வாங்குறதுக்கு முந்தியே புது பேட்டரி மாட்டி கம்ப்ரெஷன், அதான் சிலிண்டர் காத்த எம்புட்டு அமுக்குதுன்னு பாத்தேன், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணு போல இருந்துச்சு. கியர் பாக்ஸ் ஆயில ஒரு சட்டில எறக்கி வெயில்ல வச்சு விரலால தடவிப் பாத்தேன். மெல்லிசா தங்கப்பொடி மாதிரி மினுக்குச்சு, அது கியர் மாறும்போது வேகத்த ஒண்ணாக்குற சிங்க்ரோ வளையத்தோட பித்தளை, கொஞ்சம் இருந்தா சரிதான். துண்டு துண்டா இரும்பு வந்தாதான் பயப்படணும்.

உள்ள ஏத்துறது ரெண்டே நாள்ல முடிஞ்சுது. கியர் பாக்ஸ் ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கதால ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரே நீளம் கெடையாது, என்ஜின நடுவுல வைக்கணும்னு ஆசப்பட்டு ஷாஃப்ட்ட வெட்டி வெல்டு பண்ணாதிய, ஒரு நாள் முறுக்கிட்டு அறுந்துரும். எஸ்டீம் அகலத்தையே அப்படியே வச்சுக்கிட்டேன், வண்டி பின்னாடி கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கும், இருந்துட்டுப் போகுது.

பாடா படுத்துனது கியர் லிவரையும் பாக்ஸையும் சேக்குற லிங்க்கேஜ்தான், மூணு வாரம். எஸ்டீம்ல கியர் ராடு பாக்ஸ்ல இருந்து பின்பக்கமா டிரைவர நோக்கி வரும். என் வண்டில டிரைவர் முன்னாடி, அப்போ அந்த ராடு வாலப் பாத்து நிக்குது. என்ஜின திருப்பிப் போட்டா ராடு சரியா வரும், ஆனா வண்டிக்கு அஞ்சு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும்தான் இருக்கும். அதனால சீட்டுப் பக்கத்துல இருந்து ஒரு நீள ராட என்ஜின் ஓரமா வால் வரைக்கும் கொண்டு போயி, அங்கன அதுலயும் பாக்ஸ் ராடுலயும் ஒவ்வொரு இரும்புக் கை வச்சு சேத்தோம். ராடு முன்ன பின்ன போகவும் செய்யணும், சுத்தவும் செய்யணும், உருண்டை மூட்டு, ரோஸ் ஜாயிண்ட் போட்டாலும் ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு ஆட்டம்.

மொத நாள் ஸ்டார்ட் பண்ணி ஒண்ணாவது போட்டு க்ளட்ச்ச விட்டேன், திக்கித் திக்கி அணைஞ்சுது. ரெண்டு தடவ அப்படியே. சரி ரெண்டாவதுல எடுப்போம்னு போட்டேன், வண்டி பின்னால பாஞ்சு ட்ரம்முல போயி மோதுச்சு. மருமவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. லேத் அண்ணாச்சி ஒண்ணும் பேசல, தரையில சாக்பீஸால ராட வரைஞ்சாரு, கை மேல ஒண்ணு கீழ ஒண்ணா இருக்கத பாத்தாரு. "ஏலே, நீ இந்தப் பக்கம் சுத்துனா அது அந்தப் பக்கம் சுத்துது. உன் ஒண்ணாவது அங்க அஞ்சாவது, உன் ரெண்டாவது ரிவர்ஸு". ரெண்டு கையையும் ஒரே பக்கமா மாத்தி வச்சதும் ஒண்ணு ஒண்ணாவே விழுந்துச்சு.

இப்போ யாராவது கேட்டா, மொதல்ல கியர் பாக்ஸப் பாருங்க, ராடா கேபிளா, எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கு, ஷாஃப்ட் எம்புட்டு நீளம்னு, அப்புறம் அதுக்கு ஒட்டிக்கிட்டு வர்ற என்ஜின் எதுவோ அதான் உங்க என்ஜின்னு சொல்லுதேன். பிஹெச்பிய கடைசியா கேட்டா போதும்.

க்ளட்ச் கேபிள நீளமா செஞ்சதுல பெடல் கல்லு மாதிரி இருக்கு, அது பழகிரும். கங்கைகொண்டான் பக்கம் தெரிஞ்சவரோட காலி எடத்துல வட்டம் போட்டப்போ இடது திருப்பத்துல ஆயில் லைட் மினுக்குன்னு எரிஞ்சுது, பைக் என்ஜினுக்கு சொன்ன அதே வியாதி. "சாயாத என்ஜின் தானே மாமா"ன்னான் மருமவன். என்ஜினுக்கு அடில இருக்க ஆயில் சட்டி, சம்ப்பக் கழட்டி, ஆயில் ஒதுங்காம உள்ள தகடு வைக்க லேத்துல குடுத்திருக்கேன். சனிக்கிழமை தாரேன்னாரு அண்ணாச்சி, எந்த சனிக்கிழமைன்னு சொல்லல.