சூடாக அளக்காதே

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் பெரியப்பாவின் லேத் பட்டறை. நேற்று ஒரு போட்டுக்கு 50 மில்லிமீற்றர் விட்டத்தில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைந்தோம். கடைந்த சூட்டோடு மைக்ரோமீற்றரை வைத்தேன், அளவு சரி. "ஆறட்டும் தம்பி" என்றார் பெரியப்பா. ஆறிய பிறகு பார்த்தால் 0.02 மில்லிமீற்றர் குறைவு! பெயரிங் அதில் இறுக்கமாக நிற்காது.

ஒரு மீற்றர் உருக்கு ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 11 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) நீளும். அதனால்தான் அளவெடுக்க உலகம் முழுக்க 20 பாகை செல்சியஸ் என்று 1931இலேயே முடிவெடுத்தார்கள். நம்மூர் வெயிலில் அந்த 20 பாகை ஏசி அறைக்குள் மட்டும்தான்.

நுண்பொறியியல் மாநாடுகளில் இதே வெப்பப் பிரச்சினையை ஆய்வாளரும் மெஷின் செய்து விற்பவரும் ஒரே மண்டபத்தில் இருந்து பேசுவார்கள். ஒருவரிடம் கணக்கு, மற்றவரிடம் வேலை. இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்று மனமார ஆசைப்படுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள், பெரியப்பா மாதிரி நாற்பது வருடம் இரும்போடு இருந்தவர்கள், போட் வைத்திருக்கும் முதலாளிமார், எல்லோரும் ஒரு நாள் கூடினால் போதும். மண்டபம் கூட வேண்டாம், எங்கள் பட்டறை வாசலே காணும். வளாகத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் இன்பொக்ஸில் வாருங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.