அப்பாவின் கிளினிக்கை மூடியபோது

அப்பா பொது மருத்துவர். கடைசி வரை தனியாகவே கிளினிக் நடத்தினார். அவர் இறந்த பிறகு அதை முறையாக மூடும் வேலை அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. டாக்டர் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கவலை நோயாளிகள்தான். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அப்பாவின் நண்பரான ஒரு டாக்டர் அவர்களைப் பார்க்க ஒப்புக்கொண்டார். அவர் பெயரையும் நேரத்தையும் கிளினிக் வாசலில் ஒட்டினோம். ஃபைல்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைப் பூட்டி வைத்தோம். எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவக் கவுன்சிலுக்கு இறப்பைத் தெரிவித்து எழுதிய கடிதத்திலேயே அதையும் கேட்டுக்கொண்டோம்.

மருந்துச் சீட்டுகளையும் முத்திரையையும் உடனே அழித்துவிடுங்கள். தவறான கைக்குப் போனால் அவர் பெயரில் யாரும் எதையும் வாங்கலாம். மார்ஃபின் மாதிரி கட்டுப்பாடு உள்ள மருந்துகள் இருந்தால் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். அவரிடம் பாதரச பிபி கருவி ஒன்று இருந்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் உலக நாடுகளிடையே ஏற்பட்ட மினமாட்டா ஒப்பந்தம் அப்படிப்பட்ட கருவிகளின் தயாரிப்பை நிறுத்த 2020-ஐக் கெடுவாக வைத்தது. பாதரசம் நஞ்சு, குப்பையில் போடக் கூடாது. ஒரு மருத்துவமனையில் கேட்டு ஒப்படைத்தோம்.

ஃபைல்களை நான் திறந்து படிக்கவில்லை, அது நோயாளிகளின் ரகசியம். ஆனால் மேலுறையில் அவர் பென்சிலில் எழுதியிருந்தது கண்ணில் படாமல் இருக்குமா? ‘காது மந்தம், மெதுவாகப் பேசு.’ ‘மனைவி போன பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, கேள்.’ பார்வை நேர டைரிகளில் இன்னொரு அப்பா இருந்தார். சில மாலைகளைக் கோடு போட்டு அடைத்து, ‘மகளுக்கு நாளை பரீட்சை’ என்று எழுதியிருந்தார். அந்த மாலைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிளினிக்கில் அன்றைக்குக் கூட்டமில்லை போல என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன்.

டைரிகளிலும் நோயாளிகள் பெயர் இருப்பதால் அவற்றையும் ஃபைல்களோடுதான் பூட்டியிருக்கிறோம். கெடு முடிந்ததும் ஃபைல்களை அழித்துவிடுவோம். டைரிகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பெயர்களை மையால் அடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார்.