டோர்ச் அடித்துப் பார்த்து இறங்கு

பெப்ரவரியின் முதல் புதன்கிழமை, பகல் 1.30 மணி. சுவிஸில் நான் வேலை செய்யும் உணவகச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். சைரன் ஊதியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு நிமிடம். சுயநினைவு வந்தபோது பாத்திரம் கழுவும் மேசைக்குக் கீழே குந்தியிருந்தேன், வாயை ஆவென்று திறந்தபடி. தலைமைச் சமையல்காரர் குனிந்து பார்த்தார். "சோதனைதான். வருடா வருடம் ஊதுவார்கள்." கையில் கரட் அப்படியே இருந்தது.

இலங்கையில், வன்னியின் விசுவமடுவில், எங்கள் வீட்டுச் சைரன் நாய்தான். குண்டு போட வரும் கிபிர் விமானம் இரைவது எங்களுக்குக் கேட்கும் முன்பே அது பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், போய்விடும்.

அன்று மாலைதான் பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னார், எங்கள் கட்டடத்தின் கெல்லரும், அந்த நிலக்கீழ் அறையும், பங்கராம். அவர் வாயில் அது "புங்கர்". 1963இல் வந்த சட்டமாம். கனத்த சீமெந்துக் கதவு எதற்கென்று அதுவரை யோசித்ததே இல்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அங்கையும் சண்டையோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"அப்ப ஏன் கட்டினவை?"

பதில் தெரியவில்லை. உள்ளே வைன் போத்தலும் பனிச்சறுக்குக் கட்டையும் நம் அரிசி மூட்டையும் இருப்பதைச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "மாரிக்குத் தண்ணி ஊறாதோ?"

எங்கள் பங்கர் ஊறியது. அப்பாவும் நானும் வெட்டி, பனங்குற்றி அடுக்கி மண் போட்டது. 2008 கார்த்திகை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். அதற்குள்தான் நின்றோம், நாயைத் தோளில் வைத்துக்கொண்டு. பிறகு இடம்பெயர்ந்து போன மாத்தளன் கடற்கரை மணலில் வெட்ட வெட்டச் சரிந்தது. அம்மா சேலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தார். கூறைச் சேலையைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தார்; அதுவும் போனது.

இங்கு எனக்குப் பயம் தபால்பெட்டிதான். வருடத்துக்கு வருடம் நீட்டும் 'எஃப்' அட்டை, தற்காலிகமாகத் தங்க விடும் அனுமதி. அதைப் பற்றிய கடிதம் வரும் மாதத்தில் பெட்டியைத் திறக்க மனைவியைத்தான் அனுப்புவேன். கடிதத்துக்கு முன்னால் சைரனும் ஊதாது, நாயும் ஓடாது. மற்றபடி பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பனி பழகிவிட்டது, டொச் மொழி ஓரளவு வருகிறது, பாணும் சீஸும்கூடச் சரி.

போனை வைக்கும்போது அம்மா சொன்னார்: "எதுக்கும் டோர்ச் அடிச்சுப் பாத்து இறங்கு பிள்ளை. மூலையிலை பாம்பு கிடக்கும்."

சிரித்துவிட்டேன். நேற்று அரிசி எடுக்கக் கெல்லருக்குப் போனேன். லைற் சுவிச் கதவோடுதான் இருக்கிறது. முதலில் போனை எடுத்து, டோர்ச்சை நான்கு மூலைக்கும் அடித்துவிட்டுத்தான் காலை வைத்தேன்.