எகனாமிக்கா, எகனாமிக்கலா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைகளைத் தலைமையகத்துக்கு அனுப்புமுன் பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்வழி படித்து வந்தவர்கள். இலக்கணப் பிழை அதிகம் வராது. தடுமாறுவது, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் பெயரடைகளில்தான்.

மறுநடவு அறிக்கையில் ஒரு தம்பி 'எகனாமிக்கல் லைஃப்' என்று எழுதியிருந்தார். அது 'எகனாமிக் லைஃப்'. செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டு. அதற்கப்புறமும் மரம் காய்க்கத்தான் செய்யும். ஆனால் உயரம் கூடிப்போய்க் குலை வெட்டுவது சிரமமாகும், விளைச்சல் இறங்கும், செலவுக்கு வரவு கட்டாது. ஆதாயக் கணக்கைப் பற்றிய பேச்சு என்பதால் எகனாமிக். மற்றது சிக்கனத்தைக் குறிப்பது.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"டீசல் கம்மியா குடிக்கிற லாரி எகனாமிக்கல், தம்பி. மரத்தோட ஆயுசுக்கு அது ஒத்துவராது."

சரி, 'கல்' சேர்ந்தால் இந்தப் பொருள் என்று ஒரே விதியாகச் சொல்லிவிடலாமா? முடியாது. ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் ஜோடியில் எல்லாம் தலைகீழ். இங்கே 'கல்' சேர்ந்ததுதான் பொதுவானது. பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), பழைய விளைச்சல் கணக்கு எல்லாம் ஹிஸ்டாரிக்கல். ஹிஸ்டாரிக் என்பது வரலாற்றில் இடம்பிடித்ததற்கு மட்டும். 1948 ஜூன் 16 அன்று எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதற்கு அதுதான் உடனடிக் காரணம். அது ஹிஸ்டாரிக். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற 'தோட்டத் துண்டாடலால்' மக்கள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க, எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதையும் ஹிஸ்டாரிக் என்று தயங்காமல் எழுதலாம். இந்த இரண்டையும் சொன்னால் பிள்ளைகளுக்கு வேறுபாடு மறப்பதில்லை. போன வருட விளைச்சலை ஹிஸ்டாரிக் என்று எழுதினால், ஏதோ பெரிய சாதனை என்று தலைமையகம் நினைத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரிக், எலெக்ட்ரிக்கல் அவ்வளவு குழப்பாது. மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரும் யானையைத் தடுக்கும் வேலியும் எலெக்ட்ரிக். வயரிங், பழுது, பொறியாளர் என்று வந்தால் எலெக்ட்ரிக்கல்.

அதனால் பெயரடையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், கூட வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதி வையுங்கள் என்கிறேன். அகராதியிலும் பொருளுக்கு முன்னால் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறேன். வினையடையாக மாறும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. எகனாமிக்கலி என்ற ஒரே சொல்தான் ஆதாயத்துக்கும் சிக்கனத்துக்கும் வருகிறது. படிப்பவருக்கு எது என்று தெரியாவிட்டால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'குறைந்த செலவில்' என்றோ 'லாபம் தரும்படி' என்றோ நேராக ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறேன்.