சயாமுக்குப் போன மாமா

ஜனவரி 11, 2025. காஞ்சனபுரி

காலை 7.50-க்குப் பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் ரயில் ஏறினோம், அத்தையும் நானும். அத்தைக்கு 71 வயது. அவருடைய தாய்மாமன், அதாவது என் பாட்டியின் அண்ணன், ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம், அப்போதைய சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, வந்தவர். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூணே மாசம் என்று ஆசைகாட்டி, சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்களாம். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அரிசிக்கே வழியில்லாத நேரம். போனவர் திரும்பவில்லை.

சாயங்காலம் அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. நடுவில் இரண்டு மட்டும் வளைவில்லாமல் கோணமாக நிற்கின்றன. குண்டு விழுந்த இடம் அது. போருக்குப் பிறகு இழப்பீடாக ஜப்பான் போட்டுக் கொடுத்தது. ரயில் வந்தபோது ஓரத்து மேடையில் ஒதுங்கினோம். ஆள் நடக்கிற வேகம்தான், ஆனாலும் உள்ளங்கால்வரை அதிர்ந்தது. எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். அத்தை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்திருந்தார்.

ஜனவரி 12

போர்க் கல்லறைத் தோட்டம். ஜப்பான் பிடித்து வேலை வாங்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர், வரிசை வரிசையாக. ஒவ்வொரு தலைமாட்டிலும் வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. 22, 24, 23. ஒருவர் குனிந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு நல்லா பாத்துக்கிறாங்க" என்றார் அத்தை. எனக்குத் தொண்டை அடைத்தது. 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியக் கூலிகள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். காலராவில் போனவர்களைக் கணக்கெழுதக்கூட ஆளில்லை. கைதிகளுக்காவது கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள்.

பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம். அங்கே ஒரு தூபிக்கடியில் அந்தக் கூலிகளின் எலும்புகள் மொத்தமாக அடக்கம். 2023-இல் நம்மவர்கள் நட்ட நடுகல்லும் இருக்கிறது. அத்தை முந்தானையில் முடிந்துவைத்திருந்த திருநீற்றை எடுத்துக் கல்லடியில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். சூடம் காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. நான் கையைக் குவித்து மறைத்தேன். மாமா பெயரைச் சத்தமாகச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்.

மதியம், பாலத்தருகே 1944-இல் இறந்தவர்களுக்காக ஜப்பான் படையே கட்டிய நினைவுத்தூண். அதில் தமிழிலும் ஒரு பலகை! அத்தை எழுத்துக்கூட்டிக் கடைசிவரை வாசித்தார். செய்ததையும் செய்துவிட்டுக் கல்வெட்டு எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜனவரி 13

நாம் தோக் நிலையம்வரை ரயில், பிறகு காரில் நரகத்தீக் கணவாய் (Hellfire Pass). ரயில் பாதைக்காகச் சுத்தியலும் உளியும் வைத்துக் கையால் துளைபோட்டு, வெடிவைத்துப் பிளந்த பாறை. ராத்திரி தீ மூட்டி வேலை வாங்கியதால் அந்தப் பெயர். உடைந்த துளைக்கம்பி ஒன்று இன்னும் பாறையில் சிக்கிக் கிடக்கிறது, துருப்பிடித்து, கட்டைவிரல் தடிமனில். அத்தைக்கு முட்டிவலி. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது, "எழுதுறியே, இதையும் எழுதுடா" என்றார். மாமா பெயர், அவர் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனையாவது வீடு, எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயசு கேட்டேன்.

"அம்மா இருபத்திரெண்டுன்னும் சொல்லும், இருபத்திமூணுன்னும் சொல்லும். ரெண்டையும் போட்டுக்கோ."