ராஜபாளையம் நாய்க்குக் காது கேட்குதா?

"ராஜபாளையமா? சொல்லாம கொள்ளாம கடிக்குமே!" காரைக்குடிப் பக்கம் இன்னும் ஓயாத பேச்சு இது. உடம்பெல்லாம் வெள்ளையான அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். அது பயம், மூர்க்கம் இல்லை. குட்டி வாங்கும்போது அது பார்க்காத நேரம் நாலடி தள்ளிப் பின்னால் நின்று கை தட்டுங்கள். காது திரும்பணும். செவிடாக இருந்தாலும் ஒதுக்காதீங்க. தரையைத் தட்டி எழுப்பி, கை ஜாடையில் பழக்கினால் அருமையாக வளரும்.

அடுத்தது சங்கிலி. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டில், வாட்ச்மேன் வைக்கும் சோற்றை மட்டும் நம்பி, பகலெல்லாம் கட்டியே கிடக்கும் நாய்க்கு எல்லா முகமும் அந்நியம்தான். கோம்பையோ சிப்பிப்பாறையோ லேப்ரடாரோ, எதுவானாலும் கடிக்கும். குட்டி 8 வாரமாவது தாயோடு இருக்கணும். 14 வாரத்துக்குள் பால்காரர், பிள்ளைகள், பைக் சத்தம் எல்லாம் பழகிடணும். 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கெடுவில் தவறாமல்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனை. ஊசி அட்டையில் எழுதித் தரும் ஒரு தேதியையும் விடாதீங்க.